கோமுவின் ‘வெ’

என் கோமு,

நீ இருந்திருந்தால் வாசல் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சாக்கை நனைத்துப் போட்டாச்சா? போட்டாச்சு. நம் படுக்கையறைச் சுவரில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி இன்று மூன்றாம் நாள். கூரையிலிருந்து தரைவரை ஈரச் சாக்கு தொங்குகிறது. காலையில், மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் தண்ணீர் விடுகிறேன். எனக்குச் சாப்பாடு ஒரு வேளை தவறினாலும் அதற்குத் தவறுவதில்லை.

கட்டில், அலமாரி, உன் தையல் மிஷின் எல்லாம் ஹாலுக்கு வந்துவிட்டன. அலமாரி பால்கனிக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் கழக்கூட்டத்து ஹைவே முழுவதும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூடினால் தூசி மூச்சை முட்டுகிறது. கட்டிலிலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து கட்டிலுக்கும் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குத்தான் வழி. விற்றுவிட்டுப் போகலாம் என்றால் இந்தக் கட்டிடத்தின் பெயரைச் சொன்னதுமே எதிர்முனையில் போனை வைத்துவிடுகிறார்கள். ஐந்தாம் மாடியில் வசமாக மாட்டிக்கொண்டேன், கோமு.

புலம்புவதற்காக இதை எழுதவில்லை. உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை ஏன் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று கேட்பாய். உன்னைப் பற்றி நான் தப்பாகச் சொன்னதும் நாலு பேரிடம்தானே.

முதலில் அந்த வெள்ளக் கதை. உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நான் வலியசாலையில் பிறந்து வளர்ந்த தமிழன். வீட்டுக்குள் தமிழ், தெருமுனையில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் முழுக்க முழுக்க மலையாளம். தண்ணீர் என்று நினைத்தால் வாயில் வருகிற சொல் ‘வெள்ளம்’. உன்னைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரம் வந்தது நல்ல ஐப்பசி மாதம். பஸ்ஸில் வந்த தாகத்தில் உன் அப்பாவிடம் “கொஞ்சம் வெள்ளம் வேணும்” என்றேன். உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்த உன் சித்தப்பாவுக்கு ‘வெள்ளம்’ மட்டும்தான் காதில் விழுந்தது. ஆற்றைப் பார்க்கச் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். நீ கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு நீ எனக்கு வைத்த பெயர் வெள்ளக்காரர். கேட்டவர்கள் வெள்ளைக்காரர் என்று நினைத்து, என் நிறத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். நீ விளக்கம் சொல்லமாட்டாய். இருபத்திரண்டு வருஷம் என்னோடு இந்த ஊரில் இருந்தாய். மலையாளம் பேசினாய், மலையாளப் பேப்பர் வாசித்தாய், பஸ்ஸில் மலையாளத்தில் சண்டையும் போட்டாய். ஆனால் ஒரு நாளும் ‘வெள்ளம்’ என்று சொன்னதில்லை. “தண்ணியத் தண்ணின்னு சொன்னா உங்க ஊர்ல பஸ் ஓடாதா?” என்பாய். இதை மட்டும் நான் ஞாபகத்தில் வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

நாம் இருவரும் ஒரே லேபில் வேலை பார்த்தோம். கட்டிடக்காரர்கள் அனுப்பும் சிமெண்டையும் மணலையும் கலவையையும் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கிற இடம். நீ கலவையை அச்சில் வார்ப்பாய். மறுநாள் உள்ளங்கையில் அடங்குகிற கியூபாக அதை வெளியே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவாய். இருபத்தெட்டாம் நாள் மிஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கியது என்று நோட்டில் எழுதுவாய். நான் ஏசி அறையில் இருந்துகொண்டு அதை டைப் அடித்துக் கையெழுத்துப் போடுவேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே. லிஃப்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைக்கூடப் பேனாவால் திருத்திவிட்டு இறங்குகிற ஆள்.

ஸ்லாக் கலந்த சிமெண்ட் அப்போதுதான் நம் கட்டிடக்காரர்களிடம் நடமாட ஆரம்பித்திருந்தது. இரும்பு உலையில் மிஞ்சும் கசடை மாவாக அரைத்து, சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்ப்பார்கள். சரக்கில் ஒரு குறையும் இல்லை, உப்புக்காற்று அடிக்கிற ஊருக்கு நல்லதும்கூட. ஆனால் அது நிதானமாக வேலை செய்கிற சரக்கு. நாள்கணக்கில் ஈரம் இருந்தால்தான் இறுகும். ஈரம் காய்ந்தால் அது தன் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். மேலே பார்த்தால் கெட்டியான சுவர், உள்ளே வெறும் மணல். “அது எங்க பெரிய மாமா மாதிரிங்க” என்று நீ லேபில் எல்லாருக்கும் விளக்கம் சொல்வாய். “எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பொறவுதான் அவருக்குப் பசிக்கவே ஆரம்பிக்கும். அதுக்குள்ள இலைய எடுத்துட்டா எப்படி?”

நாம் இப்போது இருக்கிற, மன்னித்துக்கொள், நான் இப்போது இருக்கிற இந்தக் கட்டிடத்துக்கு அப்போது பூச்சு நடந்துகொண்டிருந்தது. நல்ல பங்குனி, இந்த ஊர்க்காரர்கள் மீனச் சூடு என்று சொல்லும் வெயில். ஸ்லாக் கலந்த பூச்சுக்கு இரண்டு நாள் கையால் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த மாடிக்கு ஏறிவிட்டார்கள். கடல்காற்றில் இருக்கிற ஈரமே போதும் என்பது சூபர்வைசரின் கட்சி. கலவை எடுக்கப் போன நீ அங்கே சண்டை போட்டுவிட்டு வந்தாய். சுவருக்குத் தண்ணீர் விடுவதைக் கொத்தனார்கள் ‘தண்ணி காட்டுறது’ என்பார்கள். “தண்ணி காட்டியாச்சுக்கா” என்று அவர்கள் சொன்னார்களாம். “சுவருக்கா காட்டுனிய, எனக்கா?” என்று நீ கேட்டாயாம்.

உனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் அந்த மாதம்தான். நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்தார். எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கோடு கீறி வைத்துக்கொண்டு, அந்தக் கோடு வரைதான் குடித்தாய். “எனக்குத்தான் அளவு. சுவருக்கு என்ன கேடு?” என்றாய். மருந்தில் தலை கிறுகிறுத்தது. ஒரு நாள் வண்டிச் சாவி ஃபிரிட்ஜில் இருந்தது. ஒரு நாள் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் மனதில் குறித்துக்கொண்டே வந்தேன்.

அந்தக் கட்டிடத்துக் கலவையில் நீ ஆறு கியூப் வார்த்தால் போதும். பன்னிரண்டு வார்த்தாய். இருபத்தெட்டாம் நாள் நோட்டு என் மேஜைக்கு வந்தது. இரண்டே வரி. ‘த’ என்று போட்டு ஒரு எண், ‘வெ’ என்று போட்டு ஒரு எண். த-வுக்கு எதிரில் இருந்தது பெரிய எண். வெ-க்கு எதிரில் இருந்தது அதில் ஏறக்குறையப் பாதி.

‘வெ’ என்றால் எனக்கு வேறென்ன தோன்றும்? வெள்ளம். அப்படியானால் ‘த’ தரையாகத்தான் இருக்க வேண்டும், தொட்டியில் போடாமல் தரையில் கிடந்து காய்ந்த கியூப். தண்ணீரில் ஊறியது பாதி தாங்கியதாம், காய்ந்து கிடந்தது முழுசாகத் தாங்கியதாம். உலகத்தில் எங்கும் நடக்காத கூத்து. எனவே நீ கியூபுகளை மாற்றிப்போட்டுவிட்டாய் என்று முடிவுகட்டினேன். சாவியை ஃபிரிட்ஜில் வைத்தவள்தானே என்று நினைத்தேன்.

உன்னிடம் கேட்டிருக்கலாம். அடுத்த அறையில்தான் இருந்தாய். அச்சைச் சுரண்டிக் கழுவுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டால் உன் முகம் வாடிப்போகும் என்று கேட்கவில்லை. அதை அன்பு என்றே நினைத்தேன், இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். பேனாவை எடுத்து இரண்டு எண்ணுக்கும் குறுக்கே அம்புக்குறி போட்டு இடம் மாற்றினேன். தண்ணீரில் வைத்ததற்குப் பெரிய எண் என்று மட்டும் டைப் அடித்து, மற்ற எண்ணை விட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. லேப் முதலாளியின் அறைக்குப் போய், கோமதிக்கு இப்போது நிதானம் தப்புகிறது, கியூபுகள் மாறிப்போகின்றன, அவள் வீட்டில் இருக்கட்டும் என்று சொன்னேன். அவர் வருத்தத்தோடு சம்மதித்தார். உன்னிடம் வந்து, வேலைக்குப் போனது போதும், இனி ரெஸ்ட் எடு என்றேன்.

“நான் ஏதும் தப்பு செஞ்சிட்டேனா?” என்று கேட்டாய்.

இல்லை என்றேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது இன்னொரு தடவை கேட்டாய். அப்போதும் இல்லை என்றேன். மூன்றாம் தடவை நீ கேட்கவில்லை.

மறுநாள் வேறொன்று கேட்டாய். “அந்த ரெண்டு நம்பரையும் பாத்தியளா?” பார்த்தேன், சரி செய்தாச்சு என்று சொன்னேன். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் சொன்னது என் அம்புக்குறியை. நீ புரிந்துகொண்டது என்ன என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. சைட்டுக்குச் சொல்லியாச்சு, சுவருக்கெல்லாம் ஒழுங்காகத் தண்ணீர் விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாய், இல்லையா?

ரிப்போர்ட் நன்றாக இருந்த தைரியத்தில் அதே கட்டிடத்தில் வீடு வாங்கினோம். என் கையெழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. குடிவந்த வாரம் சாமிப்படம் மாட்ட ஆணி அடித்தேன். ஆணி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அதை உருவியதும் ஓட்டையிலிருந்து மணல் கொட்டியது. நீ அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என்னையே பார்த்தாய். “சரி செஞ்சாச்சுன்னு சொன்னியளே” என்றாய். எதைச் சொல்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. மருந்து வேளை தவறிவிட்டதோ என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடைசி மாதங்களெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாய். பிறகு போய்விட்டாய்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே பாதி வீடுகளில் சுவரைத் தட்டினால் பொக்கென்று கேட்கிறது. மூன்றாம் மாடியில் ஒரு தொட்டிலின் மேலேயே பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. குழந்தை அப்போது பாட்டியின் இடுப்பில் இருந்ததால் பிழைத்தது. குடியிருப்போர் சங்கம் லேபிடம் பழைய காகிதங்களைக் கேட்டு வாங்கியது. அதில் ரிப்போர்ட்டோடு கோத்து வைத்திருந்த, உன் நோட்டின் அந்தப் பக்கத்தின் நகலும் இருந்தது, என் அம்புக்குறியோடு.

தமிழ் எழுத்து என்பதால் அதைப் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். ‘வெ’ என்றால் என்ன என்று கேட்டார்கள். வெள்ளம் என்றேன், நமக்கும் மலையாளத்துக்கும் ஒரே சொல்தான் என்று சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். அப்படியானால் தண்ணீரில் வைத்ததே பாதிதானே தாங்கியிருக்கிறது, எண்ணை ஏன் மாற்றினாய் என்று கேட்டார்கள். என் கழுத்துக்கான கயிற்றை நானே முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் லேப் முதலாளி ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். அன்றைய டெக்னீஷியன் உடல்நலக் குறைவால் குறிகளை மாற்றி எழுதிவிட்டார், ரிப்போர்ட்டில் உள்ளதே சரி என்று டைப் அடித்திருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். நீதானே அன்று இதைச் சொன்னாய், அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றார். “ஆளு போயில்லே” என்றார் மெதுவாக. ஆள்தான் போய்விட்டாளே, இனி அவளுக்கு என்ன நஷ்டம் என்று அர்த்தம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் பிழைக்க ஒரு வழி காட்டினார்.

கையெழுத்துப் போட்டால் நீ என்றைக்கும் புத்தி தடுமாறியவள். போடாவிட்டால் நான் ரிப்போர்ட்டைத் திருத்திய மோசடிக்காரன். மூன்றாவதாக ஒரு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்தக் காகிதத்தில் இருந்தது உண்மை என்றுதான் அப்போதும் நான் நம்பினேன். பிறகு ஏன் கை ஓடவில்லை? காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம்தான் சங்கம் ஏற்பாடு செய்த கொத்தனார்கள் நம் வீட்டுச் சுவரைக் கொத்த வந்தார்கள். தலைமைக் கொத்தனார் பெயர் இசக்கிமுத்து. ஊர் எது என்றேன். வீரவநல்லூர் என்றார். உன் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். எந்தெந்தச் சுவரைக் கொத்த வேண்டும் என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனார். சில சுவரில் ‘உ’ என்று போட்டார். பால்கனிப் பக்கத்துச் சுவரில் ‘வெ’ என்று எழுதினார்.

என் பழக்கம் விடுமா? “இது என்ன, வெள்ளமா?” என்று கேட்டேன்.

“வெள்ளமா? எங்க சார்?” என்று ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். உன் சித்தப்பாவே நேரில் வந்தது மாதிரி இருந்தது. பிறகு சுவரைக் காட்டினார். “வெ-ன்னா வெளிப்பக்கம் சார். உ-ன்னா உள்பக்கம். இதுக்குப் போயி வேற என்ன எழுத?”

தண்ணீர் என்று குறிக்க வேண்டுமென்றால் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

“த போடுவோம். தண்ணி.”

அங்கேயே மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். சாருக்கு மயக்கம் வருது என்று அவர் யாரையோ கூப்பிட்டார். த, தண்ணீர். வெ, வெளி. தொட்டியில் ஆறு கியூப், இந்தச் சுவர்கள் வெயிலில் காய்ந்த மாதிரியே காய வெளியில் ஆறு கியூப். யாரும் கேட்காமல் நீயாகச் செய்த சோதனை. இரண்டு எண்ணும் சரி. உன் கையும் சரி, உன் தலையும் சரி. நான் குருட்டாம்போக்கில் மாற்றி எழுதியதால் ரிப்போர்ட்டிலும் சரியான எண்ணே ஏறிவிட்டது. ஆனால் அந்தச் சுவருக்குத் தண்ணீர் போதவில்லை என்று நீ எழுதிய வரியை நான்தான் குப்பையில் போட்டேன். நமக்குப் பிள்ளைகளும் இல்லை. உன் எழுத்தைப் படிக்க இந்த ஊரில் இருந்தது நான் ஒருவன்தான். நானும் அதை என் பாஷையில் படித்தேன்.

இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத லேபுக்குப் போனேன். அதே ஸ்லாக் சிமெண்ட், அதே அளவு, பன்னிரண்டு கியூப். பல வருஷமாகக் கரண்டி பிடிக்காத கை, நீ பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாய். மறுநாள் அச்சைக் கழற்றி ஆறைத் தொட்டியில் போட்டேன், ஆறை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் உன் மாதிரியே த, வெ என்று எழுதினேன்.

பிறகு இருபத்தெட்டு நாள். கோமு, அவ்வளவு நாளை நீ எப்படித்தான் வருஷம் முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தாய்? முதலாளி தினமும் அந்தக் காகிதத்தைக் கேட்டார். காய்ச்சல் என்றேன், கண்வலி என்றேன், வைத்த இடம் மறந்துவிட்டது என்றேன். வாழ்நாளில் யாரையும் ஏமாற்றத் தெரியாதவன் அவருக்கு நாலு வாரம் தண்ணி காட்டினேன். சாட்சிக்கு ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் படம் எடுத்து முடிக்கும்வரை புதுப் பூச்சு வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். செங்கல் தெரிகிற சுவரோடு ஹாலில் அடைந்து கிடந்தேன். லேபில் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் மொட்டைமாடிக்கு ஏறி அந்த ஆறு கியூபையும் பார்ப்பேன். வெயிலில் வெளிறிக்கொண்டே வந்தன. ஒரு கை தண்ணீர் தெளித்தால் என்ன என்று தோன்றும். தெளிக்கக் கூடாது. வீட்டில் உனக்கு டம்ளரைக் கொடுத்துவிட்டு, கோட்டைத் தாண்டிவிடாதே என்று பார்த்துக்கொண்டு நின்ற ஞாபகம் வரும்.

இருபத்தெட்டாம் நாள் மிஷினில் வைத்தேன். தொட்டிக் கியூப் லேசில் உடையவில்லை. உடைந்தபோது உள்ளே மயில்கழுத்து நிறம். ஸ்லாக் ஈரத்தில் நன்றாக வேலை செய்தால் அப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், கையில் எடுத்துப் பார்த்ததில்லை. உன் கல்யாணப் புடவை நிறத்தில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று நீ ஒரு தடவை என்னைக் கூப்பிட்டாய். டைப் அடித்துக்கொண்டிருந்தேன், எழுந்து வரவில்லை. வெளிக் கியூப் சத்தமே இல்லாமல் உதிர்ந்தது. உள்ளே வெறும் சாம்பல் நிறம், விரலால் தேய்த்தால் மணல். தாங்கிய பாரம் ஏறக்குறையப் பாதி. வேலையை விட்டபோது நீ வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த நோட்டை எடுத்து என் எண்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

இரண்டு துண்டுகளையும் முதலாளியின் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போடாத காகிதத்தையும் வைத்தேன். அவர் கொஞ்ச நாள் லீவில் இரு என்றார். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் கார் நிறுத்துகிற இடத்தில் சங்கக் கூட்டம். அங்கேயும் சொன்னேன். கட்டிடக்காரரின் ஆள், செத்துப்போன மனைவியின் மேல் உள்ள பாசத்தில் கதை கட்டுகிறான் என்றார். சிலர் நம்பினார்கள். சிலர், இவனும் கூட்டுக்களவாணிதான் என்று எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள்.

சங்கச் செயலாளர் ரமணி சேச்சி, உனக்குத் தின்ன அவலோஸ் பொடி கொண்டுவந்து கொடுப்பாரே, அவர் கோபப்படவில்லை. துண்டு இரண்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“சேட்டனு கோமதியோடு ஒன்னு சோதிக்காமாயிருந்நில்லே?”

மலையாளத்தில் சோதிப்பது என்றால் கேட்பது. கோமதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். இந்த ஊரில் பிறந்த எனக்கு அது தெரியாதா? இருந்தும் அந்த நிமிஷம் தமிழாகத்தான் காதில் விழுந்தது. சிமெண்டைச் சோதித்தேன், மணலைச் சோதித்தேன், உனக்கே தெரியாமல் உன் புத்தியையும் சோதித்தேன். அவர் சொன்ன மாதிரிச் சோதிக்க மட்டும் தோன்றவில்லை. துண்டுகளை வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று உன் நோட்டைக் கடைசிவரை புரட்டினேன். லேப் கணக்கு முடிந்த பிறகும் பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. வீட்டில் இருந்த பத்து மாதமும் எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு நாளுக்கும் த, எத்தனை டம்ளர் என்று. வாரத்தில் சில நாள் ஆ, அது ஆஸ்பத்திரி என்று இப்போது என்னால் படிக்க முடிகிறது. அதற்குக் கீழே வெ.

முதல் வாரத்தில் ஒரு நாள், “வெ – சங்குமுகம், அரை மணி நேரம்” என்று இருக்கிறது. நாம் கடற்கரைக்குப் போன நாள். அடுத்த வாரம், “வெ – கேட்டேன். தூசி ஆகாதாம்.” லேபுக்கு உங்களோடு ஒரு நடை வரட்டுமா என்று நீ கேட்டாயே, அதுவாக இருக்கும். இன்னொரு நாள், “வெ – கேட்டேன். பிறகு பார்க்கலாமாம்.” அதற்குப் பிறகு கேட்டதாக எதுவும் இல்லை. “வெ – இல்லை.” “வெ – இல்லை.” பக்கம் பக்கமாக, கடைசி நாளுக்கு முந்தின நாள்வரை அதுதான்.

பழைய மாதிரிப் படித்திருந்தால், வெள்ளம் இல்லை, அளவு மீறிக் குடிக்கவில்லை, நல்ல பிள்ளை என்று உன்னைப் பாராட்டியிருப்பேன். நான்தான் உன்னை உள்ளே வைத்துப் பூட்டினேன், கோமு. பூட்டைக் காட்டாமல் பூட்டினேன். நீ அதையும் ஒரு சோதனைக் கணக்கு மாதிரி, கோபம் இல்லாமல், நாள் தவறாமல் எழுதிவைத்திருக்கிறாய். நான் என்றைக்காவது படிப்பேன் என்று நினைத்தாயா?

இந்த வீட்டிலிருந்து நான் எப்போது வெளியேறுவேன் என்று தெரியாது. வேலை இருக்குமா என்றும் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தச் சுவருக்கு இருபத்தெட்டு நாளும் சாக்கு காயவிடமாட்டேன். உன்னைக் குறை சொல்லும் எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்து விழாது. நாளைக்குக் காலையில் அலமாரியை நகர்த்திப் பால்கனிக் கதவைத் திறப்பேன். சுவருக்குத் தண்ணீர் விட்டதும் உன் நோட்டை எடுத்துக்கொண்டு சங்குமுகம் போவேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். நீ நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தேதி போட்டு, உன் பாஷைக்கும் என் பாஷைக்கும் பொதுவான ஒரு சொல்லால் இப்படி எழுதுவேன்:

வெ – உண்டு.

உன் வீட்டுக்காரன்,
உன் வெள்ளக்காரன்